5 மாத மெயின் கூன் பூனைக்குட்டி, எடை 2.65 கிலோதான். ஏதாவது கோளாறா?

தூக்கம்_கெட்டவன்
வணக்கம். கோவையில் இருக்கிறேன். இரண்டரை மாதத்துக்கு முன்னால் ஒரு மெயின் கூன் (பெரிய உடம்பு வரும் பூனை இனம்) கடுவன் குட்டி வாங்கினோம், பெயர் கரடி. இப்போது 5 மாதம் 10 நாள். நேற்று எடை போட்டேன், 2.65 கிலோ. விற்றவர் "பத்து கிலோ வரும் சார், உங்க சோபாவே பத்தாது" என்று சொல்லித்தான் விற்றார். ரீல்ஸில் பார்த்தால் இதே வயதுக் குட்டிகளைக் கன்றுக்குட்டி மாதிரி இரண்டு கையாலும் அணைத்துத் தூக்குகிறார்கள், கீழே 5 கிலோ, 6 கிலோ என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் கரடியை நான் ஒரு கையில் தூக்கிக்கொண்டு மறு கையில் போன் பேசுகிறேன்.

சாப்பாடு: காலையும் இரவும் உப்பில்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, வேளைக்கு 60-70 கிராம். குட்டிகளுக்கான ட்ரை ஃபுட் கிண்ணத்தில் எப்போதும் இருக்கும், எவ்வளவு தின்கிறான் என்று கணக்கில்லை. வாரத்தில் நாலு நாள் ஈரல். கடையில் கொடுத்த கால்சியம் சிரப் தினமும் 2 மில்லி. மனைவி முட்டை மஞ்சள் கருவும் கொடுக்கிறாள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எடை ஏற இன்னும் என்ன கொடுக்கலாம்?

கருவாட்டுப்பிரியன்
எங்கள் பாட்டி வீட்டில் பால்சோறும் கருவாட்டுத் தலையும் தின்ற பூனை புலி மாதிரி இருந்தது. இந்தச் சிரப், பாக்கெட் எல்லாம் விட்டுவிட்டு எருமைப்பால் கொடுத்துப் பாருங்கள்.

மூன்று_பூனை_வீடு
@கருவாட்டுப்பிரியன் உங்கள் பாட்டி வீட்டுப் பூனை பகலெல்லாம் எலியும் ஓணானும் தின்றிருக்கும், பால்சோறு அதற்கு டீ பிஸ்கட் மாதிரி. பால்குடி மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பாலில் இருக்கும் சர்க்கரை செரிக்காது, பேதிதான் வரும். கருவாட்டில் இருக்கும் உப்பைப் பற்றி நான் பேசவே இல்லை.

@தூக்கம்_கெட்டவன் என் கடுவன் (அவனும் மெயின் கூன்தான், தாய் தகப்பன் இரண்டையும் நேரில் பார்த்து வாங்கியது) 5 மாதத்தில் 3.4 இருந்தான். அவன் தங்கை அதே வயதில் 2.7. இப்போது அவனுக்கு மூன்று வயது, 7.1 கிலோ. அவள் 4.9தான், அதற்கு மேல் போகமாட்டாள் என்று நினைக்கிறேன். இந்த இனத்தில் வளர்ந்த கடுவன் சாதாரணமாக 6 முதல் 8 கிலோ, பெட்டை 4 முதல் 5.5. பத்து கிலோ என்று சொல்லி விற்பது வியாபாரம். எங்கோ ஒன்று எலும்பும் சதையுமாக 9, 10 தொடலாம், மற்றபடி பத்து கிலோ என்று காட்டுவதில் பாதி கொழுப்பாகத்தான் இருக்கும்.

பெரிய_பூனை_ரசிகன்
நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். என்னுடையது 7 மாதத்தில் 6.4 கிலோ. கேட்கும்போதெல்லாம் போட்டேன், அவ்வளவுதான் ரகசியம். பெரிய இனத்தை வாங்கிவிட்டு அளந்து போட்டால் அது எப்படி வளரும்? கின்னஸில் இருக்கும் பூனைகள் எல்லாம் மெயின் கூன்தானே.

ஊசிக்காரர்
கால்நடை மருத்துவர். பூனைதான் அதிகம் பார்க்கிறேன். ஊர் பெயர் எதுவும் வேண்டாம், ஏற்கெனவே இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் வருகிறது.

முதலில் கின்னஸ் விஷயம். நெவாடாவில் இருந்த ஸ்டூவி 123 செ.மீ., 2018இல் இத்தாலியில் அளந்த பாரிவெல் 120 செ.மீ., இரண்டும் மெயின் கூன்தான், ஆனால் அது மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரைக்குமான நீளம். எடைக்கான சாதனை ஆஸ்திரேலியாவில் ஹிம்மி என்ற பூனையுடையது, 21.3 கிலோ. அது 1986இல் செத்தது. அதற்கப்புறம் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள், ஏனென்றால் ஆட்கள் பட்டத்துக்காகப் பூனைக்குத் திணிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

@தூக்கம்_கெட்டவன் 2.65 என்று ஒரு நாள் எடையை மட்டும் வைத்துக்கொண்டு நான் எதுவும் சொல்லமுடியாது. 5 மாதக் கடுவன் பெரும்பாலும் மூன்றுக்கு மேல் இருக்கும், இவன் கீழேதான் இருக்கிறான், ஆனால் சின்ன உடம்புள்ள தாய் தகப்பனுக்குப் பிறந்திருந்தால் அதுவே அவனுக்குச் சரியாக இருக்கலாம். தடுப்பூசி அட்டையை எடுத்து முன்பு போட்ட எடைகளைத் தேதியோடு எழுதுங்கள். மோஷன் எப்படி இருக்கிறது, பூச்சி மருந்து எத்தனை தடவை கொடுத்தீர்கள், இதையும் சொல்லுங்கள்.

தூக்கம்_கெட்டவன்
சார் ரொம்ப நன்றி. அட்டையில் இருப்பது:
12 வாரம் - 1.45
16 வாரம் - 2.10
20 வாரம் - 2.58
இப்போது 23 வாரம் - 2.65

பூச்சி மருந்து விற்றவர் 12 வாரத்தில் கொடுத்ததாக எழுதியிருக்கிறார், அப்புறம் நாங்கள் கொடுக்கவில்லை. மோஷன் கொஞ்ச நாளாக இளகலாகத்தான் போகிறது, ஈரலால் இருக்கும் என்று நினைத்தோம். நாற்றம்... லிட்டர் பெட்டி (அவன் மலம் போகும் மணல் பெட்டி) இருக்கும் பால்கனிப் பக்கம் மாமனார் போவதே இல்லை.

ராக்டால்_அம்மா
அய்யோ அந்த நாற்றம் எனக்குத் தெரியும். டெஸ்ட் எடுத்துவிடுங்கள் ப்ரோ.

ஊசிக்காரர்
இந்த நாலு வரியைத்தான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பாருங்கள், முதல் நாலு வாரத்தில் 650 கிராம் ஏறியிருக்கிறான். அடுத்த நாலு வாரத்தில் 480. கடைசி மூன்று வாரத்தில் 70. எழுபது கிராம் என்பது அவன் ஒரு வேளை கறி தின்பதற்கு முன்னால் போட்ட எடைக்கும் பின்னால் போட்ட எடைக்கும் வரும் வித்தியாசம், அதாவது மூன்று வாரமாக அவன் வளரவே இல்லை. சாதாரண நாட்டுக் குட்டியே இந்த வயது வரை மாதம் சுமார் 450 கிராம் ஏறும். பெரிய இனக் கடுவன் அதைவிட வேகமாக ஏறவேண்டும். எனக்கு 2.65 கவலை இல்லை. வளர்ச்சிக் கோடு படுத்துவிட்டதுதான் கவலை.

இளகின மோஷன், தாங்கமுடியாத நாற்றம், ஒரே ஒரு தடவை பூச்சி மருந்து. எடை ஏற்ற என்ன கொடுக்கலாம் என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள், கொடுப்பது உடம்பில் தங்குகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். நாளைக்கே புது மோஷன் மாதிரி எடுத்துக்கொண்டு போங்கள், ஜியார்டியாவுக்கு (குடலில் தங்கும் நுண்ணிய ஒட்டுண்ணி) தனியாகக் கேட்டுப் பாருங்கள், வெறும் பூச்சி முட்டை பார்த்துவிட்டு அனுப்பிவிடப் போகிறார்கள். இதயத்தையும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். குட்டி தானாக எதுவும் தின்னாமல் ஒரு நாள் போனாலோ வாந்தி சேர்ந்தாலோ நாளை வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது சாப்பாடு. இதை எழுதாமல் விட எனக்கு மனசு வரவில்லை. எலும்பில்லாத கோழிக்கறியில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போல 15, 20 மடங்கு இருக்கிறது. வளரும் குட்டிக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாக, கால்சியம் ஒரு துளி கூடுதலாக வேண்டும். கறியை மட்டும் தின்னும் குட்டியின் உடம்பு கால்சியத்துக்காகத் தன் எலும்பையே கரைக்கும். சோபாவிலிருந்து குதித்ததற்கு கால் முறிந்து வரும் குட்டிகளை நான் வருஷத்துக்கு மூன்று நாலு பார்க்கிறேன், எல்லாம் நல்ல வசதியான வீடு, "தினமும் சிக்கன்தான் டாக்டர்" என்று பெருமையாகச் சொல்லுவார்கள். சரி, அதற்குத்தான் சிரப் கொடுக்கிறோமே என்பீர்கள். எவ்வளவு கறி, எவ்வளவு ட்ரை ஃபுட் என்றே தெரியாதபோது 2 மில்லி கூடவா குறைவா என்று யாருக்குத் தெரியும்? வளர்ச்சிக்கான முழு உணவு என்று போட்ட பாக்கெட்டில் எல்லாம் கணக்காகச் சேர்த்திருக்கிறார்கள், பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்து உட்பட. அதற்கு மேல் கால்சியம் ஊற்றினால் அந்தக் கணக்கு கெடும். ஈரல் வாரத்தில் நாலு நாள் வேண்டவே வேண்டாம், வைட்டமின் ஏ உடம்பில் சேர்ந்துகொண்டே போய் கழுத்தெலும்பு இறுகிப்போகும்.

முட்டை மஞ்சள் கரு விஷயத்தை நீங்களும் வீட்டம்மாவும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய_பூனை_ரசிகன்
அப்போ என்னுடையது 6.4 இருப்பது தப்பா? ஆரோக்கியமாகத்தான் இருக்கிறான்.

ஊசிக்காரர்
தப்பு என்று சொல்லவில்லை. தொட்டுப் பாருங்கள். உங்கள் கையை மேசைமேல் கவிழ்த்துவைத்துப் புறங்கையைத் தடவுங்கள், லேசான தோலுக்கடியில் எலும்பு வரிசை தெரிகிறது இல்லையா, பூனையின் விலா அப்படித்தான் இருக்கவேண்டும். முஷ்டியை மடக்கினால் முட்டிகள் தெரிவதைப் போல இருந்தால் ஒல்லி. கையைத் திருப்பி உள்ளங்கை மேட்டைத் தடவுவதைப் போல இருந்தால் கொழுப்பு. நாங்கள் 9க்கு மதிப்பெண் போடுவோம், 5 சரியான உடம்பு. இந்த இனத்தில் முடியை நம்பாதீர்கள், பஞ்சுமூட்டை மாதிரி தெரியும் பூனை தண்ணீர் பட்டதும் ஓணான் மாதிரி ஆகிவிடும், சிலது தண்ணீர் பட்டாலும் பஞ்சுமூட்டையாகவே இருக்கும்.

மூன்று_பூனை_வீடு
நான் ஒன்று சொல்லவேண்டும், இதை எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். எனக்கு இருப்பது இப்போது மூன்று பூனை, ஆனால் முதலில் வந்தவன் வேறு. அவனும் மெயின் கூன். ஆறு மாதத்தில் கருத்தடை ஆபரேஷன் முடிந்து வந்தான், ஒரு வாரத்தில் பசி இரண்டு மடங்கு ஆனது, எனக்கோ பெருமை, கிண்ணம் காலியாகும் முன்னாடியே நிரப்புவேன். 11 மாதத்தில் 7.8 கிலோ. படம் போட்டால் லைக் கொட்டும். ஒரு நாள் பின்னங்கால் ஒன்றைத் தூக்கித் தூக்கி நடந்தான். எங்கேயும் விழவில்லை, அடிபடவில்லை. சுளுக்கு என்றுதான் முதலில் காட்டிய இடத்தில் சொன்னார்கள், பத்து நாள் வலி மருந்து. குறையவில்லை என்று எக்ஸ்ரே எடுத்தால், தொடை எலும்பின் உருண்டைத் தலை அதன் கழுத்திலிருந்து சரிந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு மாதத்தில் அடுத்த காலும். இரண்டு பக்கமும் ஆபரேஷன். பிழைத்து நன்றாகத்தான் நடந்தான், ஆனால் அப்புறம் அவன் அலமாரி மேல் ஏறவே இல்லை. அதுவரைக்கும் அவனுடைய இடமே அதுதான்.

எடையால்தான் என்று யாரும் என்னிடம் நேராகச் சொல்லவில்லை. ஆனால் நிரப்பியது நான்தான்.

ஊசிக்காரர்
உங்களைக் குற்றம் சொல்ல எதுவுமில்லை. அந்த எலும்புச் சரிவு பெரும்பாலும் இரண்டு வயதுக்குள், கருத்தடை ஆன, கனத்த கடுவன்களுக்கு வருகிறது, மெயின் கூனுக்குக் கொஞ்சம் அதிகம். எலும்பு நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு கருத்தடைக்குப் பிறகு மூடத் தாமதமாகும், அந்த மெல்லிய இடத்தில் எடை விழுகிறது. இதில் எது எவ்வளவு காரணம் என்று ஒரு தனிப் பூனைக்குப் பிரித்துச் சொல்லமுடியாது. எடையை மட்டும்தான் நம்மால் கையில் வைத்திருக்க முடியும். இந்த இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறும் இருக்கிறது, அதற்கும் கனம் ஆகாது.

இதைப் படித்துவிட்டு யாரும் கருத்தடையே வேண்டாம் என்று கிளம்பாதீர்கள். பிளாட்டில் ஒரு கடுவன் சுவர் சுவராக அடித்துவைத்தால் அப்புறம் அந்தப் பூனை வீட்டில் இருக்காது, தெருவில் இருக்கும், அதையும் நான் பார்க்கிறேன். ஆபரேஷன் முடிந்த வாரத்திலிருந்து தேவை ஏறக்குறைய கால் பங்கு குறையும், பசியோ கூடும். அந்த வாரத்திலிருந்து அளந்து போடுங்கள்.

ஓஸ்லோ_அக்கா
வணக்கம் பிள்ளைகள். நான் நோர்வேயில் இருக்கிறன், எங்களிட்ட இருக்கிறது ஸ்கோக்காட், இந்த நாட்டுக் காட்டுப்பூனை இனம். 1977இலதான் ஐரோப்பியப் பூனைச் சங்கங்கள் இதை ஒரு இனமாக ஏற்றுக்கொண்டவை, ஆனால் இங்கத்தைப் பண்ணைகளில் அது எத்தனையோ தலைமுறையாக எலி பிடிச்சுக்கொண்டு இருந்தது. எங்கட ஆம்பிளைப் பூனை ஒரு வயதில் 4.3 கிலோ. நான் அழுதுபோட்டன், ஏமாத்திப்போட்டினம் எண்டு. இரண்டு வயதில் 5.4. நாலு வயதில் 6.6. இங்கத்தை மிருக வைத்தியர் சிரிச்சவர், இந்தப் பூனைகள் முழுசா வளர நாலைந்து வருஷம் எடுக்கும், முதல் எலும்பு நீளும், பிறகு நெஞ்சு அகலும், கடைசியாத்தான் முகம் ஆம்பிளை மாதிரி வரும், அவசரப்பட்டால் நீளாமல் கொழுக்கும் எண்டு சொன்னவர்.

தம்பி, கிழமைக்கு ஒருக்கா ஒரே நேரத்தில நிறை பாருங்கோ. நான் ஞாயிற்றுக்கிழமை காலமை, சாப்பாடு வைக்க முதல். பிளாஸ்டிக் கூடைக்குள்ள இருத்தி, கூடையின்ர நிறையை முதலே கழிச்சுப்போட்டு.

சும்மா_வந்தேன்
பூனை வளர்க்கவில்லை, தராசு பற்றி மட்டும் சொல்கிறேன். ஆள் ஏறும் தராசில் நீங்கள் பூனையோடு ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழிக்கும் முறை குட்டிக்கு ஆகாது, அது இருநூறு கிராம் வரை தப்புக் காட்டும். சமையலறை டிஜிட்டல் தராசு வாங்குங்கள், 5 அல்லது 10 கிலோ வரை வருவது. எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் தன் தராசிலேயே ஒரு பூனையை எடை போட்டுக் கொடுத்தார், "அரிசி விலைக்கா, பருப்பு விலைக்கா" என்று கேட்டார்.

தூக்கம்_கெட்டவன்
ரிசல்ட் வந்துவிட்டது. ஜியார்டியா பாசிட்டிவ், உருண்டைப் புழு முட்டையும் இருக்கிறது. இதயத்தில் சத்தம் எதுவும் இல்லையாம். மருந்து கொடுத்திருக்கிறார்கள், லிட்டரைத் தினமும் முழுசாக மாற்றி பெட்டியை வெந்நீர் ஊற்றிக் கழுவச் சொன்னார்கள், கடைசி நாள் பின்பக்கத்தைக் குளிப்பாட்டிவிட வேண்டுமாம். நினைக்கவே பயமாக இருக்கிறது.

கறியை நிறுத்திவிட்டேன், நாலு நாள் உண்ணாவிரதம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான், இப்போது ட்ரை ஃபுட்டையே தின்கிறான். எவ்வளவு போட?

ஊசிக்காரர்
நிறுத்தியதில் ஒரு திருத்தம். அடுத்த தடவை எதை மாற்றினாலும் ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

2.65 கிலோவுக்கு சும்மா படுத்திருக்க மட்டுமே சுமார் 145 கலோரி வேண்டும். வளர்வதால் அதைப்போல 2, 2.5 மடங்கு, அதாவது 290 முதல் 360. உங்கள் பாக்கெட்டின் பின்னால் 100 கிராமுக்கு எத்தனை என்று பாருங்கள், பெரும்பாலும் 400 பக்கம் இருக்கும். அப்படியானால் நாளுக்கு 75 முதல் 90 கிராம், நாலு வேளையாகப் பிரித்து. பாதியை வெட் ஃபுட்டாக மாற்றினால் நல்லது, நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் உள்ளே போகும், ஆனால் அரை மணிக்கு மேல் தட்டில் விடாதீர்கள். இந்தக் கணக்கு ஆரம்பிக்கத்தான். இரண்டு வாரம் கழித்து விலாவும் தராசும் என்ன சொல்கிறதோ அதன்படி ஏற்றி இறக்குங்கள். நோயிலிருந்து எழும் குட்டி கேட்டால் கொடுக்கலாம், இந்த ஒரு மாதம் நான் கஞ்சத்தனம் பண்ணச் சொல்லமாட்டேன். இந்த இனத்துக்குக் குட்டி உணவை ஒரு வயதில் நிறுத்தவேண்டாம், 15 மாதம் வரை கூடப் போகலாம். கருத்தடைக்குப் பிறகு அளவைக் குறையுங்கள், உணவை மாற்றாதீர்கள்.

ராக்டால்_அம்மா
சார் இதயச் சத்தம் இல்லையென்றால் மெயின் கூனுக்கு வரும் அந்த இதய நோய் இல்லை என்று அர்த்தமா? என் ராக்டாலுக்கும் (இதுவும் ஒரு பெரிய பூனை இனம்தான்) அந்த பயம் இருக்கிறது.

ஊசிக்காரர்
இல்லை. இதயத் தசை தடிக்கும் நோய்க்கு மெயின் கூனில் ஒரு மரபணு மாற்றத்தை 2005இலும் ராக்டாலில் இன்னொன்றை 2007இலும் கண்டுபிடித்தார்கள். ரத்தத்திலோ கன்னத்தில் தேய்த்தெடுக்கும் பஞ்சிலோ பார்க்கலாம். அதில் நெகட்டிவ் வந்த பூனைக்கும் நோய் வரலாம், சத்தமே கேட்காத பூனைக்கும் இருக்கலாம். உறுதியாகச் சொல்வது எக்கோ என்ற இதய ஸ்கேன்தான், அதையும் வளர்ந்த பிறகு அவ்வப்போது எடுக்கவேண்டும். குட்டி வாங்கும்போது தாய் தகப்பனின் எக்கோ ரிப்போர்ட்டைக் கேளுங்கள். "தகப்பன் 11 கிலோ" என்று சொல்பவரிடம் இரண்டு மடங்கு கண்டிப்பாகக் கேளுங்கள்.

பெரிய_பூனை_ரசிகன்
நேற்று என்னுடையதைத் தொட்டுப் பார்த்தேன். விலா எங்கே என்று தேடவேண்டியிருந்தது. கிண்ணத்தை எடுத்துவிட்டு அளக்கும் கப் வாங்கியிருக்கிறேன். இரவு 3 மணிக்குக் கதவைப் பிறாண்டுகிறான், இது எத்தனை நாள் இருக்கும்?

மூன்று_பூனை_வீடு
பத்து நாள். எழுந்து போடாதீர்கள், ஒரு தடவை போட்டால் முதலிலிருந்து எண்ணவேண்டும். தூங்கப்போகும் முன் கயிறு கட்டின குச்சியை வைத்து நன்றாக ஓடவிட்டு, கடைசிச் சாப்பாட்டை அப்போது கொடுங்கள். வளரும் வயது என்பதால் பட்டினி போட்டு எடையை இறக்கவும் வேண்டாம், இருக்கும் எடையிலேயே நிற்கவைத்தால் உடம்பு நீண்டு சரியாகிவிடும் என்றுதான் எங்கள் டாக்டர் இரண்டாவது பூனைக்குச் சொன்னார்.

தூக்கம்_கெட்டவன்
ஒரு மாதம் கழித்து வருகிறேன். ஞாயிறு காலைக் கணக்கு:
24 வாரம் - 2.78
25 - 2.96
26 - 3.15
27 - 3.33

இரண்டாவது டெஸ்ட் நெகட்டிவ். மோஷன் கட்டியாகப் போகிறது, மாமனார் பால்கனியில் மறுபடி பேப்பர் படிக்கிறார். விலா புறங்கை மாதிரிதான் இருக்கிறது, கொஞ்சம் முட்டி பக்கம். நீளத்தில் தெரிகிறான், சாப்பாட்டு மேசை விளிம்பில் முன்னங்கால் வைத்து எங்கள் தட்டை எட்டிப் பார்க்கிறான். மஞ்சள் கரு வாரம் ஒரு நாள் கால் கரண்டி என்று ஒப்பந்தம் ஆகியிருக்கிறது, எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம்.

வாங்கின தராசு 5 கிலோ வரைதான் காட்டும். அடுத்து எத்தனை கிலோவுக்கு வாங்கட்டும்?

சும்மா_வந்தேன்
பத்து கிலோ தராசு போதும். விற்றவர் சொன்னதை நம்பி அதற்கு மேல் போகவேண்டாம்.

ஓஸ்லோ_அக்கா
அவசரமில்லை தம்பி. இப்ப இருக்கிறது இன்னும் கொஞ்ச மாதத்துக்குக் காணும்.